சீட்டுக் காசில் டபுள் கெப்புக்கு வின்ச் பூட்டலாமா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். நாலு சில்லும் இழுக்கும் டபுள் கெப் ஒன்று லீசிங்கில் ஓடுகிறது. மாதத் தவணை 58,000 ரூபா, இன்னும் 26 மாதம் கட்டவேண்டும். இறக்கக்கண்டி, குச்சவெளிப் பக்கத்து வாடிகளுக்கு ஐஸ் இறக்கி மீன் ஏற்றி வருவதுதான் தொழில். பெரும்போகத்தில் தம்பலகாமத்தில் உள்ள எங்கள் வயலுக்கு உரமும் விதைநெல்லும் கொண்டுபோவேன். போன வருடம் 14 தரம் புதைந்தேன். மணலில் 9, வயல் பாதைச் சேற்றில் 5. ஒரு தரம் உழவு இயந்திரம் பிடித்து இழுக்க 5,000 ரூபா, அதோடு அரை நாள் உழைப்பு 6,000 ரூபா போகும். 12,000 இறாத்தல் மின்சார வின்ச் (பம்பரில் பூட்டி, கேபிளைச் சுற்றி வண்டியை இழுக்கும் இயந்திரம்), இரும்புக் கேபிள், புதுப் பம்பர், பூட்டுகூலி எல்லாம் சேர்த்து 5 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா என்று கராஜில் சொன்னார்கள். மாதம் 30,000 ரூபாப்படி 20 மாத ஏலச்சீட்டில் 60,000 கழிவு விட்டு 7ஆம் சீட்டை எடுத்ததில் கையில் 5 இலட்சத்து 40 ஆயிரம் இருக்கிறது. மற்ற வாகனங்களையும் இழுத்துக் காசு பார்க்கலாம் என்கிறார் மச்சான். டயர்கள் 5 வருடப் பழசு. பூட்டலாமா?

பதில்: இந்தப் பெரும்போகத்துக்குப் பூட்டாதீர்கள். வின்ச் நல்ல சாமான்தான், ஆனால் உங்கள் 14 புதைவில் அது தேவைப்பட்டவை மிகக் குறைவு. அதைவிட முக்கியம், கையில் இருப்பது சேமிப்பு இல்லை, கடன்.

சீட்டை முதலில் பார்ப்போம். 7ஆம் சீட்டை எடுத்துவிட்டீர்கள், இன்னும் 13 மாதம் 30,000 கட்டவேண்டும். அதாவது 3 இலட்சத்து 90 ஆயிரம் ரூபா நீங்கள் மற்ற அங்கத்தவர்களுக்குக் கொடுக்கவேண்டிய காசு. அதற்கு வட்டியாக 60,000 ரூபாவைக் கழிவிலேயே முன்கூட்டிக் கொடுத்தும்விட்டீர்கள். வாடை தொடங்கினால் நம் பக்கத்துக் கடல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஐப்பசி முதல் தை வரை படகு இறங்காத நாள்கள் கூடும், ஐஸும் மீனும் குறையும். லீசிங் 58,000, சீட்டு 30,000, இரண்டும் சேர்ந்து மாதம் 88,000. நாலு மாதத்துக்கு 3 இலட்சத்து 52 ஆயிரம். இந்தக் காசு தனிக் கணக்கில் கிடக்கவேண்டும். வின்ச்சுக்குக் கொடுத்துவிட்டு மார்கழியில் தவணை தவறினால் தாமத வட்டி ஏறும். அதன் பிறகும் கட்டாவிட்டால் வண்டியையே எடுத்துப் போவார்கள், வின்ச்சும் அதோடு போகும்.

அடுத்து வின்ச்சின் வருடச் செலவு. 5,20,000 கொடுத்து வாங்கி, 8 வருடம் பாவித்து, பிறகு 1,20,000க்கு விற்கலாம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். தேய்மானம் வருடம் 50,000. அதே காசு நிலையான வைப்பில் 8 வீதத்துக்குக் கிடந்தால் வரக்கூடிய வட்டி 41,600. கயிறு, சொலனோயிட் (மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்), கிறீஸ், கழற்றிக் கழுவும் கூலி என்று கடற்கரை வண்டிக்கு 20,000 ஒதுக்குங்கள். கூட்டினால் 1,11,600 ரூபா. ஒரு புதைவுக்கு உங்கள் நட்டம் 11,000. ஆகவே வருடத்தில் 10 தரத்துக்கு மேல் வின்ச் மட்டுமே மீட்கக்கூடிய புதைவு இருந்தால்தான் கணக்கு நேராகும். “வின்ச் மட்டுமே” என்ற சொல்லில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

மணலில் புதைந்த ஒன்பதையும் எடுங்கள். தார் வீதிக்கு அடிக்கும் 32, 35 பிஎஸ்ஐ காற்றோடு மணலில் இறங்கினால் டயர் கத்திபோல வெட்டிக்கொண்டு இறங்கும். 16 முதல் 18 பிஎஸ்ஐ வரை குறைத்தால் டயர் நிலத்தில் படும் நீளம் கூடி, பாரம் பரவி, வண்டி மணலின் மேலே மிதந்து போகும். 15க்குக் கீழே இறக்கிவிட்டு வேகமாகத் திருப்பினால் டயர் றிம்மை விட்டுக் கழன்றுவிடும், அதனால் அதற்குக் கீழே போகவேண்டாம். சில்லு சுற்றத் தொடங்கிய கணமே அக்சிலேட்டரை விடுங்கள். இன்னும் ஒரு மிதி மிதித்தால் வெளியே வரலாம் என்ற நப்பாசைதான் அச்சின் நடுவில் உள்ள டிஃபரன்சியலை மணலில் உட்கார வைக்கிறது. இறங்கி, சில்லின் முன்னும் பின்னும் மண்வெட்டியால் வழித்து, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். வராவிட்டால் மணற்பலகையை டயருக்கு அடியில் நெருக்கித் தள்ளிவிட்டு முதலாம் கியரில் மெதுவாக. பாரம் ஏற்றிய வண்டிக்குப் பின் டயரில் இரண்டு பிஎஸ்ஐ கூடுதலாக வைக்கலாம். தார் வீதியில் ஏறுமுன் காற்றைத் திரும்ப அடித்தே ஆகவேண்டும். குறைந்த காற்றோடு நிலாவெளி வீதியில் ஓடினால் டயர் சூடேறி வெடிக்கும்.

கடற்கரையில் வின்ச்சை எதில் கட்டுவது என்பதையும் யோசியுங்கள். தண்ணீர் ஓரத்தில் மரம் இல்லை. கரையில் ஏற்றி வைத்த படகில் கட்டினால் படகுதான் உங்களை நோக்கி வரும். மாற்றுச் சில்லை ஒரு மீற்றர் ஆழத்தில் நிமிர்த்திப் புதைத்து அதில் கட்டலாம், ஆனால் ஈர மணலில் அந்தக் குழியை வெட்டி முடிக்குமுன் ஐஸ் கரைந்துவிடும். தென்னை கிடைத்தாலும் அடிமரத்தில், நிலத்தோடு ஒட்டித்தான் பட்டி போடவேண்டும். மணலில் நிற்கும் தென்னையின் வேர் பரந்து கிடக்கும், ஆழம் குறைவு, உயரத்தில் கட்டினால் சாய்ந்துவிடும். பனை என்றால் பயமில்லை. கரைவலைக்காரரின் உழவு இயந்திர வின்ச்சைப் பார்த்து மனதில் ஆசை வந்திருந்தால், அது இயந்திர வலுவில் மணிக்கணக்காக ஓடுவது. கராஜில் உங்களுக்குச் சொன்னது பற்றரியில் ஓடுவது. இரண்டும் வேறு சாதி.

சேற்றில் புதைந்த ஐந்தில், விதைப்புக் காலத்தில் தம்பலகாமத்து வயல் பாதையில் உழவு இயந்திரம் கூப்பிடு தூரத்தில் நிற்கும். வரம்பில் கட்டுவதற்கு மரம் நிற்காது. வின்ச் உண்மையில் உதவியிருக்கக்கூடியது இரண்டு தரம் என்று வைத்தாலும் மிச்சம் 22,000 ரூபா, செலவு 1,11,600. இன்னொன்று, முன் பம்பரில் பூட்டிய வின்ச் முன்னால்தான் இழுக்கும். சேற்றில் இறங்கியவனுக்கு வந்த வழியே பின்னால் போவதுதான் தேவை.

இப்போது செய்யவேண்டியது ஓர் இலட்சம் ரூபாவைத் தாண்டாத மீட்புச் சாமான். காற்றழுத்தமானி, பற்றரி முனையில் நேரே கவ்வும் 12 வோல்ட் கொம்பிரசர் (சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறியது வேண்டாம், பெரிய டயருக்கு ஃபியூஸ் போய்விடும்), மணற்பலகை ஒரு சோடி, நீள்தன்மை உள்ள நைலோன் மீட்புக் கயிறு, 4.75 தொன் என்று உடலிலேயே பொறித்த ஷக்கிள் (கயிறு மாட்டும் இரும்பு வளையம்) இரண்டு, மரத்தில் சுற்றிக் கட்டும் 75 மில்லிமீற்றர் அகலப் பட்டி, மண்வெட்டி. டிரெயிலர் மாட்டும் இழுவைக் குமிழில் ஒருபோதும் கயிறு மாட்டாதீர்கள். அது முறிந்து பறந்தால் கண்ணாடியைத் துளைத்து ஆளைக் கொல்லும். வண்டியின் அடிச்சட்டமான சசியில் போல்ட் போட்ட கொக்கியில்தான் மாட்டவேண்டும். காசு மிஞ்சினால், அல்லது சகோதரர் யாரோடாவது பங்குக்கு, 1.6 தொன் கைவின்ச் ஒன்று. டிர்ஃபோர் என்று கேட்டால் இரும்புச் சாமான் கடைகளில் புரியும். கை நோகும், மெதுவாக வரும். ஆனால் முன்னாலும் இழுக்கும், பின்னாலும் இழுக்கும், பற்றரி கேட்காது, ஒரு கப்பி போட்டால் 3.2 தொன் வரை தரும். உங்களைப் போன்ற ஒருவருக்கு மின்சார வின்ச்சைவிட இதையே சொல்வேன்.

நாலு மாதத் தவணையையும் இந்தச் சாமானையும் கழித்தால் 88,000 மிஞ்சுகிறது. அதை டயருக்கு வையுங்கள். 5 வருட டயரில் பூ இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும், காற்றைக் குறைக்கும்போது பக்கச் சுவர் வெடிப்பது அதில்தான். நாலும் ஒன்றாக மாற்ற முடியாவிட்டால் ஒரே அச்சில் இரண்டு. முன்னும் பின்னும் சுற்றளவு வித்தியாசமாக இருந்தால், தார் வீதியில் நாலு சில்லும் இழுக்கும் கியரைப் போடாதீர்கள், முன் பின் அச்சுக்கு வலுவைப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் அடிபடும்.

மச்சான் சொன்னதற்கு: வேண்டாம். கூலிக்கு மற்றவர் வாகனத்தை இழுக்கும்போது அதன் பம்பர் கழன்றால், கேபிள் அறுந்து யாருக்காவது பட்டால், அந்தப் பொறுப்பு உங்கள் தலையில். அந்தத் தொழிலுக்கென்று எழுதாத காப்புறுதி இதற்குக் கைகொடுக்கும் என்று நம்பிக்கொண்டு இறங்காதீர்கள்.

இனி, காட்டுப் பாதையில் தனியே போகும் ஒப்பந்தம் வருகிறது, போன் சிக்னல் இல்லை, உழவு இயந்திரம் இல்லை, மரம் இருக்கிறது என்றால் என் பதில் மாறும். அப்போதும் 12,000 இறாத்தல் வேண்டாம். பாரத்தோடு உங்கள் வண்டி 2.7 தொன் இருக்கும். அதன் ஒன்றரை மடங்கு 4 தொன் சொச்சம். 9,500 இறாத்தல் என்பது 4.3 தொன், போதும். ஆனால் அந்த 4.3 தொன், கயிறு சுற்றும் உருளையில் கடைசிச் சுற்றடுக்கு மட்டும் மிஞ்சும்படி கயிற்றை வெளியே இழுத்தபோது கிடைப்பது. கயிறு முழுதும் உருளையில் சுற்றியிருக்க, பக்கத்து மரத்தில் கட்டினால் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான் வரும். மரம் கிட்ட இருந்தால் கப்பியில் கயிற்றை மடித்து வண்டிக்கே திரும்பக் கொண்டுவாருங்கள். இழுவை இரட்டிக்கும், வேகம் பாதியாகும், மோட்டாரும் குறைவாகச் சூடாகும். எப்படி இழுத்தாலும் உருளையில் இரும்புக் கேபிள் 5 சுற்று, செயற்கைக் கயிறு என்றால் 8 சுற்றாவது விட்டுவைக்கவேண்டும்.

பற்றரியையும் கணக்கில் எடுங்கள். முழுப் பாரத்தில் வின்ச் 400 அம்பியர் அளவுக்கு உறிஞ்சும். 5 நிமிடம் அப்படி இழுத்தால் 33 அம்பியர் மணி, 70 அம்பியர் மணிப் பற்றரியில் ஏறக்குறையப் பாதி. இயந்திரத்தை ஓடவிட்டு, ஒரு நிமிடம் இழுத்து, மோட்டாரைத் தொட்டுப் பார்த்து, ஆறவிட்டு இழுக்கவேண்டும். பழைய பற்றரி என்றால் அதற்கும் புதுக் காசு, கராஜ் விலையில் அது இல்லை.

இரும்புக் கேபிள் நம் உப்புக் காற்றில் உள்ளிருந்து துருப்பிடிக்கும், அறுந்தால் சாட்டையாக வீசும். செயற்கைக் கயிறு பாரம் குறைவு, அறுந்தாலும் அந்தளவு சக்தியைத் தேக்கி வைத்திருக்காது. அதற்கு வெயிலும் இழைக்குள் புகும் மணலும் எதிரி. நான் செயற்கைக் கயிற்றையே எடுக்கச் சொல்வேன், நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவும் பொறுமை இருந்தால். கயிறு வெளியே வரும் வாயில் உள்ள, கேபிள் உரசிய பழைய உருளை வழிகாட்டியில் அதை ஓடவிடாதீர்கள்; பிசிறில் வெட்டுப்படும், வழுவழுப்பான அலுமினிய வழிகாட்டி போடவேண்டும். பெட்டியில் ஐபி 67 என்று இருப்பது தண்ணீர் புகாது என்பதற்குத்தான், உப்பு அரிக்காது என்பதற்கு அல்ல. கடற்கரை வண்டிகளில் முதலில் சாவது மோட்டார் அல்ல, சொலனோயிட்டின் தொடுமுனைகள். மாதம் ஒரு தரம் வெறுமனே ஓட்டிப் பார்க்காமல் விட்டால், புதைந்த அன்றுதான் தெரியவரும்.

பம்பரும் வின்ச்சும் சேர்ந்து 80, 90 கிலோ முன் அச்சுக்கும் முன்னால் தொங்கும். ஸ்பிரிங் தாழும், முன் டயர் சீக்கிரம் தேயும். வின்ச் தட்டு சசியின் இரு கொம்புகளிலும் போல்டில் பிடிக்கவேண்டும். பழைய பம்பர்த் தாங்கியில் ஒட்டு வைத்துப் பிடிக்கிறோம் என்று கராஜில் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். லீசிங் முடியும்வரை பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் கம்பனிதான். ஆகவே வண்டியில் கை வைக்குமுன் அவர்களின் எழுத்துமூலச் சம்மதம், பம்பர் மாற்றத்துக்கு மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரணை, காப்புறுதிப் பத்திரத்தில் வின்ச்சின் விலையைச் சேர்த்து எழுதுவது, மூன்றும் வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாமல் மலிவாகத் தருகிறோம் என்பதற்கு இணங்கினால் காப்புறுதியில் அதைக் காட்ட முடியாது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு மகாவலி பெருகியதுபோன்ற வெள்ளத்தில், எந்த வின்ச்சை நம்பியும் வண்டியை இறக்காதீர்கள்.

கெப்பில் ஒரு கொப்பி வையுங்கள். புதையும் ஒவ்வொரு தரமும் இடம், டயரில் காற்று எவ்வளவு, ஏற்றியிருந்த பாரம், 25 மீற்றருக்குள் மரம் இருந்ததா, போகவேண்டியது முன்னாலா பின்னாலா, உழவு இயந்திரம் வர எத்தனை நிமிடம், கொடுத்த காசு, இவ்வளவையும் அன்றே எழுதுங்கள். தை முடிந்ததும் அந்தப் பக்கங்களை அனுப்பிவிடுங்கள். மரம் இருந்து உழவு இயந்திரம் இல்லாத வரிகளை மட்டும் எண்ணி, இதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்போம்.