கொடைக்கானலில் குடும்பத்தோடு மூன்று நாள் தங்க நல்ல காட்டேஜை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி கேட்டவர் விவரமாகவே எழுதியிருக்கிறார். மே மாதம், மூன்று நாள், எட்டுப் பேர். அதில் எழுபதைத் தாண்டிய மாமனார் மாமியார், ரெண்டு சின்னப் பிள்ளைகள். ஹோட்டலில் நாலு ரூம் போட்டால் ஆளுக்கொரு மூலையில் கிடப்போம், சமையலறையோடு தனி வீடு வேண்டும், படத்தைப் பார்த்துப் பணம் கட்டி ஏமாறவும் கூடாது என்கிறார். சரி. நான் மதுரைக்காரன். கொடைக்கானலில் இதுவரை ஒன்பது பத்து வீடுகளில் தங்கியிருப்பேன், அதில் ரெண்டில் நன்றாக மாட்டிக்கொண்டேன். அந்த ரெண்டும் சொல்லிக்கொடுத்த அளவுக்கு மற்ற எட்டும் எனக்கு எதையும் சொல்லித் தரவில்லை.

முதலில் படி. நான் சொல்வது ஏறி இறங்குகிற படியை. ஆறேழு வருடம் முன்பு அட்டுவம்பட்டிப் பக்கம் ஒரு வீடு பிடித்தேன். படத்தில் பால்கனி, பால்கனிக்கு வெளியே மேகம், கைப்பிடிச் சுவரில் ஆவி பறக்கும் ஒரு டீ கப். ரிவ்யூ எழுதிய எல்லாருமே "வியூ வேற லெவல்" என்று எழுதியிருந்தார்கள். சாயங்காலம் ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கேர்டேக்கர் டார்ச்சோடு ரோட்டோரம் நின்றுகொண்டு கீழே காட்டினார். எங்கள் காலுக்குக் கீழே ஒரு தகரக் கூரை தெரிந்தது, அதுதான் வீடு. 64 படி, பாதி கருங்கல், பாதி வெறும் மண்ணை வெட்டிவிட்டது, பிடித்து இறங்கக் கம்பி கிடையாது. அம்மாவுக்கு முட்டியில் தேய்மானம். பத்துப் படிக்கு ஒருதடவை உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார், இறங்கியவர் மூன்றாம் நாள் காலையில் கிளம்பும்வரை மேலே ஏறவே இல்லை. நாங்கள் ஏரி, பில்லர் ராக்ஸ், குறிஞ்சி ஆண்டவர் கோயில் என்று சுற்றிவிட்டு வந்தோம். இப்போதும் யாராவது கொடைக்கானல் பார்த்தாச்சா என்று கேட்டால், "ஒரு பால்கனி பார்த்தேன்" என்பார்.

இதில் அந்த வீட்டுக்காரரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை என்று பிறகுதான் புரிந்தது. மலையில் ரோடு மேட்டில் போகும், மனைகள் சரிவில் இருக்கும், பள்ளத்தாக்கு மறைக்காமல் தெரிய வேண்டும் என்றால் வீடு ரோட்டுக்குக் கீழேதான் இருந்தாக வேண்டும். வியூ என்று விளம்பரம் செய்கிற வீட்டில் பெரும்பாலும் படி இருக்கும், இல்லையென்றால் வழுக்குகிற சிமென்ட் சரிவு இருக்கும். ஆகவே ஃபோனில் "படி இருக்கா?" என்று கேட்காதீர்கள், "கொஞ்சம்தான் சார்" என்றுதான் பதில் வரும். "கார் கதவைத் திறந்து இறங்கினா வாசலுக்கு எத்தனை படி?" என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். சட்டென்று பதினெட்டு, இருபத்திரண்டு என்று ஒரு எண் சொல்கிற கேர்டேக்கரை நான் நம்புவேன். கூடவே வீட்டுக்குள் இருக்கும் படியையும் கேட்டுவிடுங்கள். கூம்புக்கூரை மரவீடுகளில் மாடியில் பெட்ரூம், கீழே பாத்ரூம், நடுவில் கப்பல் ஏணி மாதிரி ஒன்று இருக்கும். படத்தில் கொள்ளை அழகு, ராத்திரி ரெண்டு மணிக்கு மாமனார் அதில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது கடைசி ஒரு கிலோமீட்டர். மெயின் ரோடு வரைக்கும் எல்லா வண்டியும் போகும், அதற்கப்புறம்தான் கதையே. வில்பட்டி, பள்ளங்கிப் பக்கமெல்லாம் சில வீடுகளுக்கு ஜீப் மட்டும்தான் இறங்கும். "ஜீப் அனுப்புறோம் சார்" என்பது இலவசமா, நடைக்கு இவ்வளவா என்று அப்போதே கேட்காவிட்டால் மூன்று நாளில் ஆறு நடைக்கு நல்ல தொகை ஆகிவிடும். எட்டுப் பேர் என்றால் நீங்கள் ஒரு பெரிய வண்டியில்தான் வருவீர்கள், வண்டிப் பெயரைச் சொல்லி "வாசல்வரை வருமா, திருப்ப இடம் இருக்கா?" என்று கேளுங்கள். வண்டி மேலேயே நிற்கும் என்றால் நடக்கும் பாதையில் விளக்கு உண்டா என்பதும் முக்கியம். ராத்திரியில் காட்டுமாடு ஊருக்குள்ளேயே சாதாரணமாக நடமாடும். ஒருமுறை சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது எங்கள் கேட்டை மறித்துக்கொண்டு ஒன்று நின்றது, காருக்குள் முக்கால் மணி நேரம் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் டூர் வந்த மாதிரியே இருந்தது என்பது வேறு விஷயம்.

மூன்றாவது வெந்நீர். "24 மணி நேர வெந்நீர்" என்று எல்லா வீட்டிலும் போட்டிருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 லிட்டர் கீசர், 2 கிலோவாட். மலைத் தண்ணீர் காலையில் 12 டிகிரியில் வந்தால் அதை 60-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 25 நிமிடம் பிடிக்கும், அதுவும் வோல்டேஜ் சரியாக இருந்தால். அதில் பச்சைத் தண்ணீர் கலந்து ஒருத்தர் குளிக்கலாம், சிக்கனக்காரர் என்றால் ரெண்டு பேர். எட்டுப் பேருக்கு ரெண்டு பாத்ரூம் என்றால் கடைசி ஆள் குளித்து முடிக்க மதியம் ஆகிவிடும். ஆகவே எத்தனை பாத்ரூம், ஒவ்வொன்றிலும் கீசர் உண்டா, எத்தனை லிட்டர், கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா என்று கேளுங்கள். இன்வெர்ட்டர் இருக்கு என்பார்கள், அது விளக்குக்கும் செல்ஃபோன் சார்ஜுக்கும்தான், கீசரை இழுக்காது. பெரியவர்களுக்கு வெஸ்டர்ன் டாய்லெட் எத்தனை பாத்ரூமில் இருக்கிறது என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கோடையில் தண்ணீர் வண்டி வைத்துத்தான் ஓட்டுகிறார்களா என்பதையும் மே மாதம் என்பதால் கேட்டே ஆக வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராக இருப்பேன். ஜன்னல் இல்லாத பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் மாட்டியிருந்தால் அந்த வீடு வேண்டாம், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். அதே மாதிரி குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று பார்பிக்யூ அடுப்பை, கரி அணையாமல், அறைக்குள் தூக்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்தித் தூங்குவது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். கொடைக்கானலிலேயே இப்படி உயிர் போயிருக்கிறது.

எந்த ஏரியா என்று கேட்டிருக்கிறீர்கள். வயதானவர்கள் இருப்பதால் ஊரிலிருந்து நாலைந்து கிலோமீட்டருக்குள் பாருங்கள். நாயுடுபுரம், ஏழு ரோடு சுற்றுவட்டாரம் என்றால் கடை, மருந்து, ஆஸ்பத்திரி எல்லாம் பக்கம், ஆனால் மே மாதம் மூஞ்சிக்கல்லில் இருந்து ஏரிவரை வண்டி ஊர்ந்துதான் போகும். பெருமாள்மலை ஊருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே வந்துவிடும், வாடகை குறைவு, குளிரும் ஒரு மாற்றுக் குறைவு. வட்டக்கானல் இளவட்டங்களுக்கு. பூம்பாறை, மன்னவனூர் எனக்கு உயிர், ஆனால் உங்கள் கூட்டத்துக்கு மூன்று நாளும் காரிலேயே போய்விடும், பகலில் ஒருநாள் போய் மலைப்பூண்டு வாங்கிக்கொண்டு திரும்பினால் போதும். இன்னொன்று, விளம்பரத்தில் "கொடைக்கானல்" என்று போட்டுவிட்டு வீடு பண்ணைக்காட்டிலோ தாண்டிக்குடியிலோ இருக்கும். ரெண்டும் நல்ல ஊர்கள்தான், ஆனால் அங்கிருந்து ஏரிக்குப் போட்டிங் போவது தனிப் பயணம். ஏர்பிஎன்பி மாதிரியான ஆப்களில் புக் செய்த பிறகுதான் சரியான முகவரி தெரியும், முன்னால் ஒரு வட்டம்தான் காட்டும். அதனால் "பக்கத்தில் இருக்கும் பஸ் ஸ்டாப் எது, கோயில் எது, சர்ச் எது?" என்று மெசேஜில் கேட்டு நீங்களே மேப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன்னால் இ-பாஸ். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-லிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும், கட்டணம் கிடையாது. 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 என்று அளவும் வைத்தார்கள். அந்தந்த வருடம் என்ன விதி என்று பார்த்து, பாஸ் கையில் வந்த பிறகு திருப்பித் தராத அட்வான்ஸைக் கட்டுங்கள். பாஸ் கிடைக்கவில்லை என்று வீட்டுக்காரரிடம் போய் நின்றால் அவர் என்ன செய்வார் பாவம்.

ரிவ்யூ படிப்பதற்கு என் வழி: ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் விட்டுவிடுவேன். ஒன்று சொந்தக்காரர் எழுதியதாக இருக்கலாம், இன்னொன்று கோபத்தில் எழுதியது. மூன்று நட்சத்திரக்காரர்தான் "வீடு நல்லாருக்கு, ஆனா காலைல தண்ணி வரல, கேர்டேக்கர் அண்ணா ரெண்டு பக்கெட் கொண்டு வந்து குடுத்தார்" என்று உருப்படியாக எழுதுவார். அதுவும் போன மே மாதம் எழுதியதாகப் பாருங்கள், நவம்பரில் தங்கியவருக்குத் தண்ணீர்ப் பஞ்சம் தெரியாது, மேயில் தங்கியவருக்குச் சுவரில் ஓதம் ஏறுவது தெரியாது. வீட்டுக்காரர் போட்ட படத்தைவிடத் தங்கியவர்கள் போட்ட படம் உத்தமம், கோணல்மாணலாக எடுத்திருந்தாலும் மெத்தை விரிப்பின் நிஜ நிறம் அதில்தான் தெரியும்.

அப்புறம் வாடகை. நான் மாட்டிக்கொண்ட ரெண்டாவது வீடு இந்த வகை. ஒரு ராத்திரிக்கு 6,000 என்று பேசிப் போனோம். போன பிறகு ஆறு பேருக்கு மேல் தலைக்கு 500, ரூம் ஹீட்டருக்கு 300, டிரைவர் தங்க 400, கேம்ப் ஃபயர் விறகுக்கு 800 என்று ஏறிக்கொண்டே போய், கிளம்பும் அன்று ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்ததற்கு டெபாசிட்டில் பிடித்தார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. அந்த டம்ளர் நாங்கள் போகும்போதே கீறல் விட்டிருந்தது, நிரூபிக்க என்னிடம் படம் இல்லை. இப்போதெல்லாம் உள்ளே நுழைந்ததும் பையைக்கூட இறக்காமல் வீடு முழுக்க ஒரு வீடியோ எடுத்துவிடுகிறேன். என் தங்கச்சி சிரிப்பாள், சிரிக்கட்டும். எட்டுப் பேருக்கு மூன்று நாளைக்கு மொத்தம் எவ்வளவு, டெபாசிட் எவ்வளவு, எப்போது திருப்பித் தருவீர்கள் என்று வாட்ஸப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தமாக ஏமாற்றுகிற ஆட்கள் வேறு ரகம். யாரோ ஒருவர் வீட்டுப் படத்தைத் தூக்கிப் போட்டு, பாதி வாடகை சொல்லி, "இன்னொரு பார்ட்டி கேக்குறாங்க சார், இப்பவே ஃபுல் அமௌன்ட் போட்டா லாக் பண்ணிடலாம்" என்பார்கள். படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள், அதே பால்கனி மூணாறில் வேறு பெயரில் இருந்தாலும் ஆச்சரியம் இல்லை. அதைவிடச் சுலபம், கேட்டிலிருந்து பாத்ரூம்வரை நடந்து வீடியோ காலில் காட்டச் சொல்வது. நிஜ கேர்டேக்கர் சிக்னல் கிடைக்கிற நேரம் பார்த்துக் காட்டிவிடுவார், போலி ஆள் அன்றோடு ஃபோனை எடுக்க மாட்டார். பணம் திருப்பித் தர க்யூஆர் ஸ்கேன் பண்ணுங்கள் என்று யாராவது சொன்னால் வைத்துவிடுங்கள், பணம் வாங்குகிறவர் ஸ்கேன் செய்யவோ பின் நம்பர் போடவோ தேவையே இல்லை. பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிட வேண்டும், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு.

ஆப்பில் புக் செய்தால், "அதைக் கேன்சல் பண்ணிட்டு நேரா வாங்க சார், குறைச்சுத் தர்றேன்" என்று ஃபோன் வரும். தெரிந்த வீடு என்றால் நானும் நேராகத்தான் பேசுவேன், பொய் சொல்லவில்லை. முதல்முறை போகும் வீட்டுக்கு அது வேண்டாம். ஆப்பில் இருக்கும்வரை வீடு படத்தில் இருந்த மாதிரி இல்லையென்றால் கேட்க ஓர் இடம் இருக்கிறது. ஏர்பிஎன்பியில் பிரச்சினையைப் பார்த்த 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் கேமரா வைப்பதையும் அவர்கள் 2024 ஏப்ரல் கடைசியிலிருந்து அடியோடு தடை செய்துவிட்டார்கள். அனுமதி உள்ள வீடா, பில் தருவார்களா என்றும் கேளுங்கள். 2019-ல் நீதிமன்ற உத்தரவின் பேரில் கொடைக்கானலில் விதிமீறிய விடுதிக் கட்டிடங்களுக்கு வரிசையாக சீல் வைத்தார்கள், அட்வான்ஸ் கட்டிவிட்டுப் பூட்டின வாசலில் நிற்க வேண்டியதில்லை.

மலை ஏறும்போது ரோட்டோரம் கையைக் காட்டி "காட்டேஜ் வேணுமா சார்" என்று நிறுத்துவார்கள். ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை என்றால் தாராளமாக அவர்கள் பின்னாலேயே போய் நாலு வீடு பார்த்து, குழாயைத் திறந்து பார்த்து, பேரம் பேசி எடுக்கலாம், எனக்குக் கிடைத்த நல்ல வீடுகளில் ஒன்று அப்படிக் கிடைத்ததுதான். மேயில் எட்டுப் பேரோடு அந்த விளையாட்டு வேண்டாம்.

சமையலறை கேட்டிருந்தீர்களே. "கிச்சன் இருக்கு" என்றால் பல வீட்டில் ஒரு இண்டக்ஷன் அடுப்பும் நாலு பேருக்குக் காணாத ஒரு குக்கரும்தான் இருக்கும். கேஸ் சிலிண்டர் உண்டா, பெரிய பாத்திரம் உண்டா என்று கேளுங்கள், அரிசி பருப்பு காய்கறியை வத்தலக்குண்டிலேயே வாங்கிக்கொண்டு ஏறிவிடுங்கள். சின்னத் தண்ணீர் பாட்டில்களை மட்டும் ஏற்றாதீர்கள், 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில் ஒவ்வொன்றுக்கும் கொடைக்கானலில் 20 ரூபாய் பசுமை வரி போடுகிறார்கள். ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் கேர்டேக்கர் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். நாங்கள் கடைசியாகத் தங்கிய வீட்டில், வாசலுக்குப் பதினோரு படி, அந்த அக்கா மலைப்பூண்டு போட்டு ஒரு ரசம் வைத்துக் கொடுத்தார், அம்மா ரெண்டாம் தடவை வாங்கிக் குடித்துவிட்டு, தானே நடந்து மேலே போய்க் காரில் ஏறி உட்கார்ந்தார்.