கொல்லையில் ஓடும் நீராவி எஞ்சின் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

கொல்லையில் 45 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம் போட்டு சின்ன நீராவி எஞ்சின் ஓட்டுவதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் அப்பா மாயவரம் பக்கம் மீட்டர் கேஜ் ரயிலில் எஞ்சினுக்குக் கரி போடும் ஃபயர்மேனாக இருந்தவர். இப்போது பாபநாசம் பக்கத்தில் கிராமத்தில் இருக்கிறார். தை மாதம் லீவில் வரும்போது எங்கள் தென்னந்தோப்பில் அவருக்காக ஒரு லைன் போட ஆசை. எஞ்சின் அந்த மீட்டர் கேஜ் லைன்களில் ஓடிய வைபி (YP) நீராவி எஞ்சின் மாதிரியே இருக்க வேண்டும். கும்பகோணத்தில் ஒரு பாத்திரப் பட்டறையில் பேசிவிட்டேன், பித்தளைத் தகட்டில் பாய்லர் செய்து ஈயப்பற்று வைத்துத் தருகிறேன் என்கிறார்கள். கேஸ் வீட்டு சிலிண்டரிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம் என்று யோசனை. என் அத்தான்தான் சிரிக்கிறார். "கரியும் கிடையாது, கரண்டியும் கிடையாது, கேஸ் அடுப்பில் வெந்நீர் போடுகிறாய். அதற்குப் பேட்டரி எஞ்சின் வாங்கி உள்ளே ஒரு ஸ்பீக்கர் வைத்துவிட்டுப் போயேன்" என்கிறார். அவர் சொல்வதும் சரியோ என்று தோன்றுகிறது. தோப்பு களிமண் தரை, மழை பெய்தால் காலை வைக்க முடியாது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஷார்ஜாவிலிருந்து ஒரு வாசகர் (பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் பட்டறைக்குப் போன் போட்டு அந்தப் பாய்லரை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பட்டறைக்காரர் கைவேலையில் எனக்குச் சந்தேகமே இல்லை. பொருள்தான் தப்பு. வெந்நீரிலும் நீராவியிலும் கிடக்கக் கிடக்கப் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போகும், வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே உளுத்துவிடும். ஈயப்பற்று இருநூறு டிகிரியை ஒட்டியே இளகிவிடுகிற சமாச்சாரம், அதற்கு வெகு முன்பே அதன் பலம் பாதி போய்விடும். இந்த அளவு எஞ்சின்கள் சாதாரணமாகச் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அழுத்தத்தில் ஓடுகின்றன, அந்த அழுத்தத்தில் நீராவியின் சூடே 140 டிகிரி. தண்ணீர் கொஞ்சம் குறைந்து, பாய்லருக்குள் போகும் தீக்குழாய் தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் சூடு எங்கே போய் நிற்கும் என்று நினைத்துப் பாருங்கள். பித்தளைப் பாய்லர் வைத்த பழைய பொம்மை எஞ்சின்கள் இருக்கின்றனவே என்று யாராவது கேட்பார்கள். இருக்கின்றன, ஆனால் அவை இதைவிட ரொம்பக் குறைந்த அழுத்தத்தில் ஓடுபவை. நமக்கு வேண்டியது செம்பு, அதில் 600 டிகிரிக்கு மேல் உருகும் வெள்ளிப்பற்று. செய்து முடித்ததும் பச்சைத் தண்ணீரை நிரப்பி, ஓடும் அழுத்தத்தைப் போல இரு மடங்கு ஏற்றிப் பார்க்க வேண்டும். பச்சைத் தண்ணீர் ஏன் என்றால், தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது, பற்று விட்டாலும் பீய்ச்சியடித்துவிட்டு நின்றுவிடும், வெடிக்காது. நம் ஊர் பாய்லர் சட்டம் 25 லிட்டருக்குக் குறைந்தவற்றைக் கணக்கிலேயே எடுப்பதில்லை, உங்களுடையது கால் லிட்டர்கூடப் பிடிக்காது. ஆக எந்த இன்ஸ்பெக்டரும் உங்கள் தோப்புக்கு வரப்போவதில்லை, நீங்கள்தான் இன்ஸ்பெக்டர். அதனால் முதல் எஞ்சினைப் பாய்லர் சோதனைச் சான்றிதழோடு ரெடிமேடாக வாங்குங்கள். லட்சத்தைத் தாண்டும், தெரியும். இதில் மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் உண்டு, பாய்லர் அந்த இடம் இல்லை.

வீட்டு சிலிண்டரும் கூடாது. அதில் பியூட்டேனோடு புரொப்பேனும் கலந்திருக்கிறது, வெயிலில் அதன் அழுத்தம் எங்கேயோ போகும், எஞ்சினின் சின்ன டாங்க் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. கையடக்க அடுப்புக்கு விற்கும் பியூட்டேன் டப்பா போதும். அதிலும் ஒரு விஷயம் உண்டு. பியூட்டேன் ஏறக்குறைய 0 டிகிரியிலேயே கொதித்துவிடும். குளிர் நாட்டுக்காரர்கள் கேஸ் வரவில்லை என்று டாங்கைச் சுற்றி வெந்நீர் விடுகிறார்கள். நமக்கு எல்லாம் தலைகீழ். 20 டிகிரியில் இருக்கும் அழுத்தம் சித்திரை வெயிலின் 40 டிகிரியில் கிட்டத்தட்ட இரு மடங்காகிவிடும், கேஸ் திருகை ஒரு மயிரிழை திறந்தாலே பர்னர் கத்த ஆரம்பிக்கும். ஓடிச் சூடாகியிருக்கும் டாங்கில் கேஸ் ஏறவும் ஏறாது, ஈரத்துணியைப் போட்டு ஆறவிட்டுத்தான் நிரப்ப வேண்டும்.

சரி, உங்கள் அத்தானுக்கு வருவோம். அவர் கேட்டது நல்ல கேள்வி.

கரி இல்லை என்பது உண்மை. கரி போட்டு ஓடும் சின்ன எஞ்சின்களும் உண்டு, அவற்றை ஓட்ட வேறு பொறுமை வேண்டும், முதல் எஞ்சினாக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் நெருப்பு எதிலிருந்து வந்தால் என்ன, அதற்குப் பிறகு நடப்பதில் நடிப்பு கிடையாது. எஞ்சினை இருபதில் ஒரு பங்காக்கலாம், தண்ணீரை அப்படி ஆக்க முடியாது. நீளம் இருபதில் ஒன்றானால் பாய்லரின் மேல்பரப்பு 400-இல் ஒன்று, கொள்ளளவோ 8,000-இல் ஒன்று. அதாவது இருக்கிற தண்ணீருக்கு ஏற்பப் பார்த்தால் பெரிய எஞ்சினைவிட இருபது மடங்கு வேகமாகச் சூட்டை இழக்கிறது இது. அதனால் சின்ன எஞ்சினில் எல்லாமே சீக்கிரம் நடந்து முடிந்துவிடும், பெரியதில் யோசிக்க நேரம் இருந்த இடத்தில் இதில் இருக்காது. பேட்டரி எஞ்சினில் நீங்கள் கவனிக்காமல் விட்டால் ஒன்றும் ஆகாது. இதில் ஆகும், வித்தியாசம் அவ்வளவுதான்.

எண்ணெயைப் பாருங்கள், எனக்கு இந்த எஞ்சினிலேயே ரொம்பப் பிடித்த பாகம் அதுதான். நீராவிக் குழாயோடு ஒட்டி ஒரு சின்னக் குப்பி இருக்கும், அதில் கெட்டியான ஸ்டீம் ஆயில் நிரப்ப வேண்டும். ஓடும்போது ஊசித் துவாரம் வழியாகக் கொஞ்சம் நீராவி உள்ளே போகும், குளிர்ந்து தண்ணீராகும், கனமாக இருப்பதால் அடியில் இறங்கும், அது இறங்கிய அளவுக்கு எண்ணெய் மேலே ஏறித் துவாரம் வழியே நீராவியோடு சிலிண்டருக்குப் போகும். பம்ப் கிடையாது, அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. பெரிய எஞ்சின்கள் பலவற்றிலும் இதே தத்துவம்தான். ஓட்டி முடித்ததும் குப்பியில் தேங்கிய தண்ணீரை ஊசியால் உறிஞ்சி எடுத்து மறுபடி எண்ணெய் விட வேண்டும், மறந்தால் அடுத்த ஓட்டத்தில் சிலிண்டர் காய்ந்துபோகும். ஸ்பீக்கர் வைத்த எஞ்சினில் இதையெல்லாம் யாரும் உங்களிடம் கேட்கப்போவதில்லை. அதுவும் நல்ல பொழுதுபோக்குதான், வேறு பொழுதுபோக்கு.

வைபி விஷயத்தில்தான் உங்களோடு எனக்கு வழக்கு. 45 மில்லிமீட்டர் தண்டவாளத்தை மீட்டர் கேஜாக எடுத்துக்கொண்டால் அளவு வழக்கமாக 22.5-இல் ஒன்று, அந்தக் கணக்கில் வைபி டெண்டரோடு (பின்னால் வரும் கரி, தண்ணீர் வண்டி) 80 சென்டிமீட்டரைத் தாண்டும். அது திரும்ப மூன்று மீட்டர் ஆரத்துக்குக் குறையாத வளைவு வேண்டும். இடம் இருக்கட்டும், அப்பாவை யோசியுங்கள். அவர் வைபியின் முகத்தைப் பார்த்து வேலை செய்தவர் இல்லை. முகத்தைப் பார்த்தது பிளாட்பாரத்தில் நின்ற நீங்களும் நானும். அவருக்கு முன்னால் இருந்தது தீவாய்க் கதவு, அழுத்தமானி, பாய்லரின் தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸ். கிளாஸில் தண்ணீர் இறங்கித் நெருப்பறைக் கூரை காய்ந்தால் அதிலுள்ள ஈயப் பிளக் உருகும், அது ஃபயர்மேன் வேலையில் சாமானியத்தில் மன்னிக்கப்படாத குற்றம். ஆகவே வைபி முகம் வைத்த எஞ்சினுக்குக் கொடுக்கும் காசை, அழுத்தமானியும் கேஜ் கிளாஸும் பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் கைப்பம்பும் உள்ள நாலு சக்கரக் குட்டி எஞ்சினுக்குக் கொடுங்கள். (சின்ன கேஜ் கிளாஸ் பொய் சொல்லும், குழாய் ஒல்லி என்பதால் குமிழி மாட்டிக்கொண்டு தண்ணீர் இருப்பது போலக் காட்டும். அப்பா அதை உடனே கண்டுபிடித்துவிடுவார், பந்தயம்.) பெரும்பாலான எஞ்சின்களில் தண்ணீர் தீருவதற்கு முன்பே கேஸ் தீர்ந்துபோகிற மாதிரி டாங்கை அளந்து வைத்திருப்பார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் பம்ப் இருந்தால் அவருக்கு ஒரு வேலை இருக்கும். நாற்காலியில் உட்கார வைத்து வேடிக்கை காட்டினால் ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்.

கும்பகோணத்துப் பட்டறையை வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம். அழுத்தம் படாத எதையும் அவர்களிடம் கொடுக்கலாம். புகைபோக்கி வளையம், டோம் மூடி, மணி, வேகன் அச்சுப் பெட்டி எல்லாம். வெளிநாட்டுக் கம்பெனிகள் இந்த மாதிரி உதிரிகளை மெழுகு வார்ப்பில்தான் செய்கிறார்கள், சுவாமிமலை ஸ்தபதிகளுக்கு அதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கடைசல் வேலைக்கு நாச்சியார்கோவில் இருக்கிறது. குத்துவிளக்குத் தண்டை அவ்வளவு நறுவிசாகக் கடைபவருக்கு ஒரு புகைபோக்கி எம்மாத்திரம். பிற்பாடு துணிந்து செம்புப் பாய்லரே செய்யப் போனால், ஏசி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பற்றுக் கம்பியில் பாஸ்பரஸ் கலந்ததா என்று கேளுங்கள். கேஸில் ஓடும் பாய்லருக்கு அது பரவாயில்லை, கரி போடுகிறதுக்கு ஆகாது, கரியிலுள்ள கந்தகம் அதை அரித்துவிடும்.

தரைக்கு வருவோம். டெல்டாக் களிமண் மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், அதன்மேல் ஜல்லி கொட்டி லைன் போட்டால் ஒரு பருவம்கூட நிற்காது. இடுப்பு உயரத்துக்குக் கான்கிரீட் தூண் நட்டு, மேலே பலகை போட்டு, அதில் தண்டவாளம் போடுங்கள். அப்பாவும் குனிய வேண்டாம். மட்டம்தான் முக்கியம், இறக்கத்தில் எஞ்சின் பறக்கும், ஏற்றத்தில் மூச்சு முட்டி நிற்கும். கொத்தனாரின் டியூப் மட்டத்தை விடச் சிறந்த கருவி இதற்கு இல்லை. ஊரே தட்டை, மலைக்காரர்களுக்கு வாய்க்காத வசதி. தென்னை மரத்துக்கு நேர் கீழே மட்டும் லைன் வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

பாய்லரில் போர்வெல் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்புப் படியும். ஐப்பசி மழைத் தண்ணீரை வடிகட்டி இரண்டு கேன் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். நீராவி கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் விடிகாலையில் ஓட்ட வேண்டும், காற்று குளிர்ந்து ஈரமாக இருந்தால்தான் வெள்ளையாகத் திரளும். தையில் வருவது நல்லது, பங்குனியில் வந்தால் சத்தம் மட்டும்தான்.

பியூட்டேன் டப்பாவை விமானத்தில் கொண்டுவர விட மாட்டார்கள், பெட்டியிலும் வைக்காதீர்கள். எஞ்சினைப் புதிதாக, டாங்கில் ஒருமுறைகூடக் கேஸ் ஏற்றாமல், பில்லோடு கொண்டுவாருங்கள். கேஸை இங்கே வாங்கிக்கொள்ளலாம். ஸ்டீம் ஆயிலை மட்டும் எஞ்சினோடு சேர்த்தே ஆர்டர் செய்துவிடுங்கள், மோட்டார் சைக்கிள் ஆயில் அதற்கு ஆகாது.