சாரணர் சிறுவனைப் பற்றிய பழைய ஆங்கில நகைச்சுவைப் படம், பிள்ளைகளோடு பார்க்கிற மாதிரி ஏதாவது உண்டா?

'ஃபாலோ மீ, பாய்ஸ்!' பாருங்கள். 1966 டிசம்பரில், வால்ட் டிஸ்னி இறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு வந்த டிஸ்னி படம். என் அக்கா பையன் பள்ளியில் சாரணர் இயக்கத்தில் சேர்ந்தபோது அவனோடு உட்கார்ந்து மறுபடியும் பார்த்தேன்.

கதை 1930இல், அமெரிக்காவில் தொடங்குகிறது. ஊர் ஊராகப் போகும் இசைக்குழுவில் சாக்ஸபோன் வாசிப்பவர் லெம் (ஃப்ரெட் மெக்மரே). வழியில் பஸ் நின்ற ஹிக்கரி என்ற சின்ன ஊர் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிடுகிறார். வக்கீலாக வேண்டும் என்று ஆசை. ஆனால் ஊர்ப் பையன்களைச் சேர்த்துச் சாரணர் படை ஆரம்பித்தவர் அதிலேயே ஊறிப்போகிறார்.

வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பது 1944இல் நடக்கும் முகாம். ராணுவத்தின் போர்ப் பயிற்சிக்கு நடுவே இவர்கள் போய் மாட்டிக்கொள்கிறார்கள். தொலைந்தார்கள் என்று பார்த்தால், பையன்கள் ஒரு டாங்கியையே பிடித்துவிடுகிறார்கள்! என் மருமகன் அந்த இடத்தை மூன்று தடவை போட்டுப் பார்த்தான்.

சரி, டாங்கிக்காக மட்டும் நான் இந்தப் படத்தைச் சொல்லவில்லை. வைட்டி என்று ஒரு பையன் வருவான். கர்ட் ரஸ்ஸல் நடித்தது. படம் வந்தபோது அவருக்கு 15 வயது. வைட்டியின் அப்பா குடிகாரர், அது ஊருக்கே தெரியும். படையில் விசேஷம் நடக்கிற ஒரு மாலையில், பிள்ளைகளுக்கென்று ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு, குடித்த நிலையில் வந்து நிற்கிறார். மகன் முன்னால் நல்ல அப்பாவாக நிற்க அவருக்கும் ஆசைதான். அந்த நேரத்தில் வைட்டியின் முகத்தை மட்டும் பாருங்கள். நகைச்சுவைப் படத்தில் குடிகாரர் வந்தாலே சிரிக்க வைத்துவிடுவார்கள்; இங்கே அந்த அப்பாவைக் கேலிப்பொருளாக்கவில்லை. என் மருமகன் சத்தமே போடவில்லை. "மாமா, அப்புறம் அவன் யார் வீட்டில இருப்பான்?" என்று மட்டும் கேட்டான். அப்பா இறந்தபின், குழந்தையில்லாத லெம்மும் மனைவி வைடாவும் அவனைத் தங்கள் பிள்ளையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

படம் 131 நிமிடம். ஏரிக்கரை நிலத்துக்காக நடக்கும் வழக்குப் பகுதியில் சின்னப் பிள்ளைகள் நெளிவார்கள். அங்கே நிறுத்திவிடாதீர்கள், அந்த நிலத்துக்காரப் பாட்டியாக வருபவர், மௌனப்படக் காலத்து நட்சத்திரம் லில்லியன் கிஷ்.