மேல்வீட்டுப் பேரப்பிள்ளைகள்

அன்புள்ள சார்,

மடிப்பாக்கத்தில் எங்களுக்கு ஒரு மாடி வீடு. மேலே ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதி, நான்கு வருடமாக இருக்கிறார்கள். விடுமுறைக்கு மகளின் இரண்டு பிள்ளைகள் வந்திருக்கின்றன. கீழே இருப்பவர் ஐடியில் இரவு வேலை. பகலில் தூங்க முடியவில்லை என்று தினமும் சத்தத்தைப் பதிவுசெய்து எனக்கு வாட்ஸாப்பில் அனுப்புகிறார். "ஒப்பந்தத்தில் இரண்டு பேர் என்றுதானே இருக்கிறது, காலி பண்ணச் சொல்லுங்கள்" என்கிறார். நான் என்ன செய்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

காலி பண்ணும் பேச்சை முதலில் விடுங்கள். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வாடகை நீதிமன்றம் உத்தரவிட்டால்தான் ஒருவரை வெளியேற்ற முடியும். தாத்தா வீட்டுக்கு லீவுக்கு வந்த பிள்ளைகளைக் காட்டி அந்த உத்தரவு வாங்கப் போகிறீர்களா? ஒப்பந்தத்தில் உள்ள இரண்டு பேர் குடியிருப்பவர்கள். இவர்கள் விருந்தாளிகள்.

அதற்காகக் கீழ்வீட்டுக்காரர் பொய் சொல்கிறார் என்றில்லை. ஒலி மாசு விதிகளில் இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. பாவம், அவருக்கு இரவு காலை எட்டரைக்குத்தான் தொடங்குகிறது. சட்டம் அவர் பக்கம் இல்லை. தூக்கம் கெடுவது மட்டும் நிஜம்.

ஒருநாள் பதினொரு மணிக்கு அவர் படுக்கையறையில் போய் அரைமணி நேரம் உட்காருங்கள். நானும் ஒருகாலத்தில் மேல்வீட்டில் குடியிருந்தவன். என் மகன் ஓடுகிறான் என்று ஹவுஸ் ஓனர் மாதம் இரண்டு முறை படியேறி வருவார். கடைசியில் கீழே போய்க் கேட்டால், ஓட்டம் அல்ல, டைல்ஸில் இழுபடும் நாற்காலி! மேலே ‘கர்ர்’ என்று ஒரு நொடி கேட்பது கீழே உத்தரத்தையே அறுப்பதுபோல் இருந்தது. பேச்சும் சிரிப்பும் காற்றில் வருபவை, கான்கிரீட் தளம் பெருமளவு தடுத்துவிடும். குதிப்பதும் இழுப்பதும் தளத்தையே அதிரவைப்பவை. ஜன்னலைச் சாத்தினாலும் நிற்காது.

ஆகவே நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் குப்பி மாட்டுங்கள், உங்கள் செலவில். பிள்ளைகள் குதிக்கும் இடத்தில் பழைய இலவம்பஞ்சு மெத்தையைப் போட்டு, மேலே ஜமுக்காளம் விரிக்கச் சொல்லுங்கள். வெறும் ஜமுக்காளம் போதாது. அந்த அறைக்கு நேர் மேலே மட்டும் மதியம் இரண்டு வரை விளையாட வேண்டாம் என்று கேட்டால் ஆசிரியர் மறுக்கமாட்டார். நாள் முழுக்க என்று கேட்காதீர்கள், அது நடக்காது. சாயங்காலம் மொட்டை மாடிச் சாவியைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். அப்புறம், கைப்பிடிச்சுவர் உயரத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுங்கள், பெரியவர் யாராவது கூட இருக்கட்டும்.

இதையெல்லாம் நேரில் போய், ஒரு காபி குடித்தபடி சொல்லுங்கள். அந்த ஒலிப்பதிவுகளை மட்டும் மேல்வீட்டுக்கு ஃபார்வர்ட் செய்துவிடாதீர்கள்.