இலக்கை அடைய உள்ளிருந்து வரும் உந்துதலை எப்படிக் கண்டுபிடிப்பது?
"யாரும் பாராட்டாவிட்டாலும் இதைச் செய்வேனா?" என்று முதலில் உங்களையே கேளுங்கள். 1971-இல் உளவியலாளர் எட்வர்ட் டெசி, புதிர்களைத் தீர்க்கச் சில மாணவர்களுக்குப் பணம் கொடுத்துப் பார்த்தார். பணம் நின்றதும், ஓய்வு நேரத்தில் அவர்கள் புதிரைத் தொடுவது குறைந்துவிட்டது. வெளியிலிருந்து வரும் பரிசு உள்ளே இருக்கும் ஆர்வத்தைத் தின்றுவிடக்கூடும்.

அதனால் "எடையைக் குறைக்க வேண்டும்" என்பதோடு நிற்காதீர்கள். ஏன், ஏன் என்று தோண்டுங்கள். "மூச்சு வாங்காமல் மகளோடு ஓடி விளையாட வேண்டும்" என்ற பதில் கிடைத்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். "நாலு பேர் மெச்ச வேண்டும்" என்பதுதான் மிச்சம் என்றால், அது யாரோ உங்கள் தலையில் கட்டிய இலக்காக இருக்கலாம். அதைத் தாராளமாகக் கைவிடலாம்.

காரணம் தெளிவானதும், உற்சாகம் வரட்டும் என்று காத்திருக்காமல் நாளைக் காலை பல் துலக்கியவுடன் பத்து நிமிடம் நடக்கத் தொடங்குங்கள்.