கடைசி எறிதலை முடிவு செய்பவர் யார்?

கேள்வி: திரைப்படம், மேடை நாடகம், அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ஆகிய மூன்றுக்கும் ரசிகர் என்று உங்கள் அறிமுகக் குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். ஒன்றை மட்டுமே வைத்துக்கொள்ள முடியும் என்றால் எதை வைத்துக்கொள்வீர்கள்?

கல்லூரிக் கூடைப்பந்தைத்தான் வைத்துக்கொள்வேன். ஆனால் அதற்கான காரணத்தை மற்ற இரண்டின் துணையில்லாமல் என்னால் சொல்ல முடியாது. ஒரு கதை எப்படி முடிய வேண்டும் என்பதைத் திரைப்படத்தில் ஒருவர் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார். நாடகத்திலும் முடிவு எழுதப்பட்டதுதான். ஆனால் ஒவ்வொரு இரவும் நடிகர்கள் அந்த முடிவை மறுபடியும் தங்கள் உடலால் அடைந்தாக வேண்டும். கூடைப்பந்தில் மட்டும் முடிவு யாருடைய கையிலும் இல்லை. நான் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் இருக்கும் இண்டியானாபொலிஸ் நகரில் வசிப்பதால், இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குத் தானாகவே அமைந்தது.

இந்த ஊரில் பட்லர் பல்கலைக்கழகத்தின் ஹிங்கிள் ஃபீல்டுஹவுஸ் என்ற கூடைப்பந்து அரங்கம் இருக்கிறது. 1928இல் திறக்கப்பட்டது, ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர் உட்காரலாம். உயரத்தில் வரிசையாகப் பெரிய சன்னல்கள் உண்டு. பிற்பகல் ஆட்டங்களின்போது வெயில் நேராக உள்ளே இறங்கும் என்பதால், ஆட்டக்காரர் ஒருவர் நிழலில் பந்தைப் பிடித்து வெளிச்சத்துக்குள் ஓடி எறிவதை மேல்வரிசையிலிருந்து தெளிவாகக் காணலாம். 1954இல் இண்டியானா மாநில உயர்நிலைப் பள்ளிகளின் இறுதிப்போட்டி இங்கேதான் நடந்தது. பெரிய பள்ளி, சிறிய பள்ளி என்ற பாகுபாடில்லாமல் எல்லாப் பள்ளிகளும் ஒரே கோப்பைக்காக மோதிய காலம் அது. 161 மாணவர்கள் மட்டுமே படித்த மைலன் என்ற சிற்றூர்ப் பள்ளி, மன்சி சென்ட்ரல் என்ற பெரிய பள்ளியை 32–30 என்ற புள்ளிக்கணக்கில் வென்றது. கடைசி நொடிகளில் பாபி பிளம்ப் எறிந்த பந்துதான் அந்த இரண்டு புள்ளிகளைத் தந்தது. அவர் பிறகு பட்லரிலேயே சேர்ந்து விளையாடினார்.

இந்த வெற்றியை அடிப்படையாகக் கொண்டு 1986இல் வெளிவந்ததுதான் 'ஹூசியர்ஸ்' திரைப்படம். ஜீன் ஹேக்மன் பயிற்சியாளராக நடித்தார்; இறுதிப்போட்டிக் காட்சியை ஹிங்கிள் அரங்கத்திலேயே படமாக்கினார்கள். பிரம்மாண்டமான அரங்கத்துக்குள் முதன்முறையாக நுழைந்து மிரண்டு நிற்கும் கிராமத்துப் பையன்களிடம் அளவுநாடாவைக் கொடுத்து, எதிரணி தடுக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோ கோட்டின் தொலைவு 15 அடி, வளையத்தின் உயரம் 10 அடி என்று அளக்கவைத்து, நம் ஊர் ஆடுகளத்தின் அளவும் இதுவேதான் என்று பயிற்சியாளர் புரியவைக்கும் காட்சியை நான் எப்போது பார்த்தாலும் மனம் நெகிழ்ந்துவிடுகிறது. நீண்ட அறிவுரை செய்ய வேண்டிய வேலையை ஓர் அளவுநாடா செய்துவிடுகிறது. திரைப்படத்தால் மட்டுமே இவ்வளவு சிக்கனமாகச் சொல்ல முடியும் என்பது என் கருத்து.

ஆனால் அதே படம் விட்டுவிட்ட ஒன்றும் உண்டு. உண்மையான ஆட்டத்தின் நான்காம் பகுதியில் பிளம்ப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு நிமிடங்களுக்கு மேல் நகராமல் நின்றார். இத்தனை நொடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற ஷாட் க்ளாக் விதி அன்று இல்லை. கல்லூரி ஆண்கள் ஆட்டத்திலேயே அது 1985–86 பருவத்தில்தான் 45 நொடிகளாக வந்தது, இன்று 30 நொடிகளாக இருக்கிறது. அரங்கம் நிறைந்த கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பையன் பந்தோடு அசையாமல் நிற்க, எதிரணியும் காத்து நின்ற அந்த நான்கு நிமிடங்களைத் தவிர்த்துவிட்டு, படம் கடைசி எறிதலுக்கு நேராகப் போய்விடுகிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. திரையில் அந்த நேரத்தை அப்படியே வைத்திருந்தால் பார்ப்பவர்கள் பொறுமை இழந்திருப்பார்கள். இருப்பினும் அந்த ஆட்டத்தில் மிகவும் துணிச்சலான பகுதி அதுதான் என்று நான் நம்புகிறேன்.

அசையாமல் நிற்பதன் கனத்தைத் தாங்கக்கூடியது மேடை. எங்கள் நகர மையத்தில் இருக்கும் இண்டியானா தியேட்டர், 1927இல் ஆடம்பரமான திரையரங்காகக் கட்டப்பட்டது. 1980 முதல் இண்டியானா ரெப்பர்ட்டரி தியேட்டர் என்ற நாடகக் குழு அங்கே இயங்குகிறது. திரை இருந்த கட்டடத்துக்குள் மனிதர்களே வந்து நிற்பது எனக்கு எப்போதும் பெரும் மகிழ்ச்சி. முன்வரிசையில் உட்கார்ந்தால், வசனத்துக்கு முன்னால் நடிகர் எச்சில் விழுங்குவதும் கழுத்து நரம்பு புடைப்பதும் தெரியும். அவர் அந்த வரியை மறந்துவிட்டால் காப்பாற்றப் படத்தொகுப்பாளர் இல்லை. எழுதிவைத்ததைத்தான் பேசப்போகிறார் என்று தெரிந்திருந்தும் நாம் அவருக்காகப் பதறுவது அதனால்தான்.

கூடைப்பந்தைப் பற்றி நான் பார்த்தவற்றுள் மிகவும் கூர்மையான படைப்பு ஒரு நாடகம்தான் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஜேசன் மில்லர் எழுதி 1972இல் நியூயார்க்கில் அரங்கேறி, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற 'தட் சாம்பியன்ஷிப் சீசன்' நாடகத்தில் ஒரு முறைகூட யாரும் ஆடுகளத்தில் இறங்குவதில்லை. பென்சில்வேனியாவில் மாநிலக் கோப்பையை வென்ற பள்ளி அணியின் முன்னாள் ஆட்டக்காரர்கள் நால்வர், இருபது ஆண்டுகளுக்குப் பிறகு தங்கள் பயிற்சியாளரின் வீட்டில் கூடிக் குடிக்கிறார்கள். கோப்பையும் அந்த அறையில்தான் இருக்கிறது. ஐந்தாமவர் வருவதில்லை. பயிற்சியாளரின் சொல்லைக் கேட்டு எதிரணியின் முக்கிய ஆட்டக்காரருடைய விலா எலும்புகளை உடைத்தவர் அவர் என்பதும், அதன் பிறகு அந்தக் கோப்பையை ஏற்க அவருக்கு மனம் ஒப்பவில்லை என்பதும் பேச்சுவாக்கில் வெளிவருகின்றன. சிறிய அரங்கொன்றில் இதைப் பார்த்தபோது, ஒரு நல்ல வெற்றிப் படம் தன் கடைசிச் சட்டகத்தோடு நிறுத்திக்கொள்ளும் இடத்தில் இந்த நாடகம் தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றியது. பதினெட்டு வயதில் வென்றதை வைத்துக்கொண்டு நாற்பது வயதுவரை எப்படி வாழ்வது என்ற கேள்வியை விளையாட்டுப் படங்கள் பெரும்பாலும் தொடுவதே இல்லை.

இனி என் விடைக்கான காரணத்துக்கு வருகிறேன். 2010 ஏப்ரல் 5 அன்று தேசியக் கல்லூரிக் கூடைப்பந்து இறுதிப்போட்டி இதே நகரத்தின் லூகஸ் ஆயில் மைதானத்தில் நடந்தது. மோதியவை ட்யூக், பட்லர் ஆகிய பல்கலைக்கழகங்களின் அணிகள். சுமார் நாலாயிரம் மாணவர்களைக் கொண்ட பட்லர், தன் வீட்டு வாசலிலேயே, 70,000 பேருக்கு மேல் திரண்டிருந்த கூட்டத்தின் முன், நாட்டின் மிக வலிமையான அணிகளுள் ஒன்றை எதிர்த்து நின்றது. பட்லர் பயிற்சியாளர் பிராட் ஸ்டீவன்ஸுக்கு அப்போது 33 வயது. பத்திரிகைகள் எல்லாம் 'ஹூசியர்ஸ்' படத்தை நினைவுபடுத்தின. நானும் அந்த முடிவைத்தான் எதிர்பார்த்துத் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருந்தேன்.

3.6 நொடிகள் எஞ்சியிருந்தபோது ட்யூக்கின் பிரையன் ஜூபெக் முதல் ஃப்ரீ த்ரோவைப் போட்டார், ட்யூக் 61, பட்லர் 59. பட்லருக்கு ஆட்டத்தை அமைத்துக்கொள்ள நேரம் கிடைக்கக் கூடாது என்று இரண்டாவதை வேண்டுமென்றே தவறவிட்டார். பந்தைப் பிடித்த பட்லரின் கார்டன் ஹேவர்ட், இண்டியானாபொலிஸுக்குப் பக்கத்து ஊர்ப் பையன், விரைந்து ஓடினார். அவருடைய அணியின் மேட் ஹோவர்ட் குறுக்கே நின்று ட்யூக்கின் கைல் சிங்லரைத் தடுத்து விலக்க, நடுக்கோட்டை ஒட்டிய இடத்திலிருந்து ஹேவர்ட் ஓட்டத்தோடு பந்தை எறிந்தார். பந்து பலகையில் பட்டது, அங்கிருந்து வளையத்தின் முன்விளிம்பில் மோதியது, வெளியே விழுந்தது. பட்லர் தோற்றது. சில அங்குலங்கள் மாறியிருந்தால் கல்லூரிக் கூடைப்பந்து வரலாற்றின் மிகப் பெரிய எறிதல் அதுவாக இருந்திருக்கும்.

எந்தத் திரைக்கதை ஆசிரியரும் அதை உள்ளே விழவைத்திருப்பார். விழவைக்கவும் வேண்டும், ஏனென்றால் அதற்காகத்தான் நாம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். எழுதப்படாத ஒன்றில் மட்டுமே, எல்லாம் சரியாகச் செய்தும் பந்து வெளியே விழ முடியும். அதற்கு ஒரு பொருளும் இல்லாமல் போக முடியும். அடுத்த ஆண்டு பட்லர் மறுபடியும் இறுதிப்போட்டிக்கு வந்து, கனெக்டிகட் அணியிடம் 53–41 என்று தோற்றது. 64 எறிதல்களில் 12 மட்டுமே உள்ளே போயின. இப்படி ஒரு தொடர்ச்சியைக் கதையாக எழுதிக் கொடுத்தால் எந்தத் தயாரிப்பாளரும் ஏற்கமாட்டார். ஆனால் அந்த அணியின் மீது எனக்கு இருக்கும் அன்பு அந்த இரண்டு தோல்விகளால் உறுதிப்பட்டதே தவிர, குறையவில்லை.

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தான என்பிஏ ஆட்டங்களைப் பார்ப்பதில்லையா என்று யாராவது கேட்கலாம். பார்ப்பேன். அங்கே திறமை பன்மடங்கு அதிகம். ஆனால் இறுதிச் சுற்றுகளில் ஏழு ஆட்டங்கள் கொண்ட தொடர் என்பதால் வலுவான அணிக்குத் தன்னைத் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைத்துவிடுகிறது. மார்ச்சில் தொடங்கும் தேசியக் கல்லூரிப் போட்டியில் 68 அணிகள், ஒரு தோல்வியோடு வெளியேற்றம், 40 நிமிட ஆட்டம். ஒரே ஒருமுறை மேடையேறும் நாடகத்தைப் போல அது நடக்கிறது. மறுநாள் காட்சி கிடையாது.

ஒரு வருத்தமும் இருக்கிறது. 2021 முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் புகழையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆனதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். அவர்கள் உழைப்பில் மற்றவர்கள் மட்டும் சம்பாதித்த காலம் நியாயமற்றது. அதே சமயம் ஆண்டுதோறும் கல்லூரி மாறுவது எளிதாகிவிட்டதால், முதலாண்டில் பந்தைத் தவறவிட்டு விழித்த ஒரு பையன் நான்காம் ஆண்டில் அதே சீருடையில் அணியைத் தலைமை தாங்குவதைப் பார்க்கும் வாய்ப்பு அரிதாகிவருகிறது. ஒரு கதாபாத்திரம் வளர்வதை நான்கு ஆண்டுகள் உண்மையான நேரத்தில் பார்ப்பதற்கு ஈடாகத் திரையிலோ மேடையிலோ எதுவும் இல்லை என்பதால் இந்த இழப்பை நான் பெரிதாகவே உணர்கிறேன்.

குளிர்காலத்தில் இந்தப் பக்கம் வந்தால், ஹிங்கிளில் சனிக்கிழமைப் பிற்பகல் ஆட்டம் ஒன்றுக்குச் சீட்டு எடுங்கள். கிடைத்தால் மேல்வரிசையிலேயே எடுங்கள். 'ஹூசியர்ஸ்' படத்தை அதற்கு முன் பார்க்காதவர்கள் ஆட்டத்தைப் பார்த்து முடித்த பிறகே பார்ப்பது நல்லது. எந்த முடிவையும் எதிர்பார்க்காமல் உட்கார அதுவே சிறந்த வழி.