விலக்கில் இறங்கியவர்கள்

கேள்வி: கவர்னர் மீது கிரிமினல் வழக்கே போட முடியாதாமே! சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று எழுதிவைத்துவிட்டு, அவருக்கு மட்டும் எதற்கு இந்த விலக்கு?
(ஆண்டிபட்டி வாசகர் ஒருவர்)

பதில்: ஆண்டிபட்டிக்காரர் போயும் போயும் என்னிடமா விலக்கு பற்றிக் கேட்பது! உங்கள் ஊரிலிருந்து தேனிக்குப் போகிற வழியில்தானே க.விலக்கு இருக்கிறது? 'கண்டமனூர் விலக்கு' என்று முழுப் பெயர் சொல்லி டிக்கெட் கேட்டால் கண்டக்டரே ஒரு கணம் யோசிப்பார். தென்மாவட்டங்களில் பஸ் ஏறாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் சாலை பிரியும் இடத்துக்கு அங்கே விலக்கு என்று பெயர். பஸ் உள்ளே போகாது. விலக்கில் இறக்கிவிட்டுப் போய்விடும். மிச்ச தூரம் நடைதான்.

வரிவிலக்கு என்றால் வரி கிடையாது. மதுவிலக்கு என்றால்? தமிழ்நாட்டில் மதுவிலக்குத் துறையின் கீழ்தான் டாஸ்மாக் வருகிறது. ஆகவே விலக்கு என்ற சொல்லை மட்டும் நம்பி எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். ல, ள தகராறு வேறு. சில வருடங்களுக்கு முன் இதே பக்கத்தில் 'கவர்னருக்குச் சட்ட விளக்கு உண்டு' என்று அச்சாகி, வந்த கடிதங்களை ஒரு கோணியில் கட்டிவைத்தோம். ப்ரூஃப் பார்த்தவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சட்டத்தை விளக்கத்தானே சார் வேணும்?" என்றார். அவரை இன்னும் வைத்திருக்கிறேன். அடுத்து வந்தவர் 'இம்யூனிட்டி'யை நோய் எதிர்ப்புச் சக்தி என்று மொழிபெயர்த்து, ஜனாதிபதிக்கு அது நிறைய இருப்பதாக எழுதினார். அவரைத்தான் அனுப்பிவிட்டேன்.

சரி, கவர்னர். அரசியல் சட்டத்தின் 361வது பிரிவு ஜனாதிபதிக்கும் கவர்னருக்கும் தருவது க.விலக்கு மாதிரியான விலக்குதான். பதவிக் காலத்தில் கிரிமினல் வழக்கு தொடங்கவோ தொடரவோ கூடாது, அவ்வளவே. பாபர் மசூதி இடிக்கப்பட்டபோது உத்தரப்பிரதேச முதல்வராக இருந்த கல்யாண் சிங்கை நினைவிருக்கிறதா? 2017 ஏப்ரலில் அத்வானி உள்ளிட்டோர் மீதான சதிக் குற்றச்சாட்டுக்கு சுப்ரீம் கோர்ட் மறுபடி உயிர் கொடுத்தபோது, அவர் ராஜஸ்தான் கவர்னர். அவரைத் தொடவில்லை, ஆனால், பதவியை விட்டு இறங்கியதும் குற்றச்சாட்டு பதிவு செய்யுங்கள் என்று அதே தீர்ப்பில் எழுதிவைத்தார்கள். 2019 செப்டம்பரில் இறங்கினார். அதே மாதம் லக்னோ கோர்ட்டில் ஜாமீனுக்கு நின்றார். அடுத்த வருடம் எல்லோரும் விடுதலையானது தனிக்கதை.

பிரதமருக்கும் முதல்வருக்கும் இந்த விலக்கு கிடையாது. 1995-ல் முதல்வர் ஜெயலலிதா மீது வழக்குத் தொடர சுப்பிரமணியன் சுவாமிக்கு அனுமதி கொடுத்தது கவர்னர் சென்னா ரெட்டி. தன்மேல் வழக்கு வரவே முடியாதவர், அடுத்தவர்மேல் வரலாமா என்று முடிவுசெய்தார்!

எம்.பி.க்கள் கதை இன்னும் சுவாரசியம். 1993-ல் நரசிம்ம ராவ் அரசு மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தபோது ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா எம்.பி.க்கள் பணம் வாங்கிக்கொண்டு அரசுக்கு ஓட்டுப் போட்டதாக வழக்கு. சபையில் போட்ட ஓட்டுக்காக எந்தக் கோர்ட்டும் கேள்வி கேட்க முடியாது என்று 105வது பிரிவைக் காட்டி 1998-ல் விட்டுவிட்டார்கள். பணம் வாங்கியதாகச் சொல்லப்பட்ட அஜித் சிங் மட்டும் ஓட்டே போடவில்லை. அவருக்கு விலக்கு இல்லை! வாங்கின காசுக்கு வேலை செய்தவர் தப்பினார், செய்யாதவர் மாட்டினார். லஞ்சத்திலும் நாணயம் வேண்டும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே சொன்ன மாதிரி ஆயிற்று. அந்த எம்.பி.க்களில் ஒருவர் சிபு சோரன். அவருடைய மருமகள் சீதா சோரன்மீது 2012 ராஜ்யசபா தேர்தலில் ஓட்டுக்குப் பணம் வாங்கியதாகக் குற்றச்சாட்டு. மாமனார் வழக்கின் தீர்ப்பைக் காட்டித் தானும் விலக்கு கேட்டார். 2024 மார்ச் 4 அன்று ஏழு நீதிபதிகள் சேர்ந்து அந்தப் பழைய தீர்ப்பையே தப்பு என்று தள்ளினார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். மாமனாருக்கும் அது பொருந்தும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கவர்னர்களை விடுங்கள், நாடு முழுக்க முப்பது பேர்கூடத் தேறமாட்டார்கள். நான் பல வருடங்களாகக் கத்திக்கொண்டிருப்பது ஃபைலைப் பற்றி. கடமையைச் செய்யும்போது செய்த குற்றம் என்றால், அரசு மட்டுமே நீக்கக்கூடிய அதிகாரிமீது வழக்கை கோர்ட் எடுத்துக்கொள்ளவே அரசின் முன் அனுமதி வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 197வது பிரிவு; இப்போது 218. தவறான கேஸ்களிலிருந்து நேர்மையான அதிகாரியைக் காப்பாற்றத்தான் இது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஃபைல் போகிற போக்கைப் பார்த்திருக்கிறீர்களா? மேலே போகும். 'தெளிவுரை வேண்டப்படுகிறது' என்று பச்சை மையில் ஒரு வரியோடு கீழே வரும். தெளிவுரை தயாராவதற்குள் கையெழுத்துப் போட வேண்டியவர் மாற்றலாகிப் போவார். புதியவருக்கு எல்லாம் முதலிலிருந்து. யாரும் அனுமதியை மறுக்கவில்லை, கவனியுங்கள். மறுத்தால் காரணம் எழுத வேண்டும், கோர்ட்டுக்குப் போய்க் கேள்வி கேட்கலாம். மேசைமேல் கிடக்கிற ஃபைலை யார் கேட்பது?

2024 ஜூலையில் வந்த புதிய சட்டம் 120 நாள் கெடு வைத்திருக்கிறது. அதற்குள் பதில் இல்லையென்றால் அனுமதி தந்ததாகவே அர்த்தம். நல்ல காரியம். ஆனாலும் 119வது நாள் ஒரு தெளிவுரை கேட்பார்கள் என்று பந்தயம் கட்ட நான் தயார்.

பதவி இல்லாத நம் போன்றவர்களுக்கும் ஒரு விலக்கு உண்டு: அப்ரூவர். கூட்டாளிகளைப் பற்றி எதையும் மறைக்காமல் சொன்னால் மன்னிப்பு. ஆனால், ஏற்கெனவே ஜாமீனில் இல்லையென்றால் விசாரணை முடியும்வரை உள்ளேதான் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். காட்டிக்கொடுக்கப்பட்டவர் ஜாமீனில் வெளியே போய்விடலாம். மன்னிக்கப்பட்டவர் கம்பி எண்ண வேண்டும். அதனால்தான் எங்கள் ப்ரூஃப்காரரிடம், அந்த 'விளக்கை' யார் விட்டது என்று நான் துருவிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் அப்ரூவர் ஆகியிருப்பார்; கடைசியாகப் படித்துக் கையெழுத்துப் போட்டது நான்.